பேராக் தொங் படிகளில் சயாம் நினைவு நடை: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு நாள் வழிகாட்டி

எங்கள் பாட்டி சாகும்வரை நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார். தாத்தா 1943-இல் சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் ரயில் ஏறியவர், திரும்பவில்லை. செத்த செய்தியும் வரவில்லை. செய்தி வராதபோது தாலியை எப்படி இறக்குவது? திவசம் எந்தத் திதியில் கொடுப்பது? எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இப்படி ஆறு வீடுகள் இருந்தன என்று அம்மா சொல்வார்.

இந்த நடை அந்த ஆறு வீடுகளுக்காகத் தொடங்கியது. ஆண்டுக்கொரு முறை சுங்கை சிப்புட்டிலிருந்து கிளம்பி, ஈப்போவுக்கு வடக்கே குனோங் தாசேக் சுண்ணாம்புப் பாறையில் இருக்கும் பேராக் தொங் புத்தர் கோயிலின் உச்சிவரை ஏறுகிறோம். தாத்தாவைப் போன்றவர்களைக் கொண்டுபோய் ஜப்பானியர் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயிலுக்கும் இந்தக் கோயிலுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பிறகு ஏன் அங்கே? நம் ஆட்கள் எந்த வழியாகக் கொண்டுபோகப்பட்டார்கள், ஜப்பான்காரன் எந்த வழியாக வந்தான் என்பதை ஒரே இடத்தில் நின்று கைநீட்டிக் காட்ட வேண்டுமென்றால் கிந்தா பள்ளத்தாக்கைப் பார்க்கும் ஓர் உயரம் வேண்டும். பேரைச் சொல்லி அழுதால் யாரும் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்காத இடமாகவும் அது இருக்க வேண்டும். இரண்டும் அங்கே கிடைத்தன. உங்கள் தோட்டத்து ஆட்களையோ தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளையோ நீங்களே அழைத்துப்போவதற்காக முழு முறையையும் எழுதுகிறேன்.

முதல் படி: ஒரு மாதத்துக்கு முன்பே பேர் சேர்ப்பது

மலையேற்றம் ஒரு மணி நேர வேலைதான். உண்மையான உழைப்பு இதில் இருக்கிறது. பேர் இல்லாமல் போனால் அது சாதாரண சுற்றுலாவாகப் போய்விடும்.

"உங்க வீட்ல யாராச்சும் சயாமுக்குப் போனாங்களா?" என்று நேராகக் கேட்காதீர்கள். பாதிப்பேர் "அப்படி யாரும் இல்லையே" என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்வதில்லை, அவர்களுக்கே சொல்லப்படவில்லை. வேறு மாதிரி கேளுங்கள். "உங்க வீட்ல திதி தெரியாம அமாவாசைக்கு மட்டும் படைக்கிற ஆள் யாராச்சும் உண்டா அம்மாயி?" "பாட்டிக்கு ரெண்டு கல்யாணமா?" (இதை மட்டும் தனியாக, தாழ்ந்த குரலில் கேட்க வேண்டும்.) "அப்பாவை வளத்தது மாமாவா, சித்தப்பாவா?" இப்படிக் கேட்டால் கதவு திறக்கும். அப்போது பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இப்போது தொண்ணூறு தாண்டியிருக்கும். எனவே தள்ளிப்போடாதீர்கள். ஒரு தீபாவளிக்கும் அடுத்த தீபாவளிக்கும் நடுவில் எங்கள் ஊரில் மூன்று பேர் போய்விட்டார்கள், மூவரிடமும் கேட்காமலே.

ஒரு நீள நோட்டு வாங்கி, ஒரு ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பேர் எழுதுங்கள், பட்டப்பெயர் மட்டும் தெரிந்தால் அதுவும் போதும். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், போகும்போது வீட்டில் யாரை விட்டுப்போனார், கூடப் போனவர் யார், பிறகு காதில் விழுந்த செய்தி என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தவர்களுக்கும் பக்கம் உண்டு. காலில் ஆறாத புண்ணோடு வந்தவர்கள், ராத்திரியில் தூக்கத்தில் கத்தினவர்கள், ஒரு வார்த்தையும் பேசாமல் போய்ச் சேர்ந்தவர்கள் எல்லாரும் நம் கணக்கில் வர வேண்டும். பேரை மலைமேல் உரக்கப் படிக்கலாமா என்று குடும்பத்திடம் கேட்டு அனுமதி வாங்குங்கள். வேண்டாம் என்றால் நோட்டிலேயே இருக்கட்டும்.

ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பேர்ப்பட்டியல் எழுதிக் கொடுத்தது யார் என்ற பேச்சு கட்டாயம் எழும். ஜப்பானியர் தோட்ட நிர்வாகத்திடம் தலைக்கணக்கு கேட்டார்கள். கிராணியும் (தோட்டத்து எழுத்தர்) கங்காணியும் (வேலை மேற்பார்வையாளர்) பேர் கொடுத்தார்கள். சிலர் அடிக்குப் பயந்து கொடுத்தார்கள், சிலர் தனக்கு வேண்டாதவனைக் கொடுத்தார்கள். அந்தக் கிராணி வீட்டுப் பேத்தியும் நம் நடைக்கு வரலாம். எங்கள் கூட்டத்தில் வந்திருக்கிறார், நோட்டைத் தூக்கி வந்ததே அவர்தான். பட்டியல் எழுதியவர் பேரை யாரும் மலைமேல் எடுக்கக்கூடாது என்பது எங்கள் விதி. மறைப்பதற்காக வைத்த விதி அல்ல அது. பேரன் பேத்திகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் படியேற வேண்டும் என்பதற்காக வைத்தது.

இரண்டாம் படி: சொல்ல வேண்டிய வரலாற்றைத் தயார் செய்வது

வழிநடத்துபவருக்கு இவ்வளவாவது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அதே நேரம் சயாமின் சிங்கோராவிலும் பட்டாணியிலும் இறங்கி, ஜித்ராவில் பிரிட்டிஷ் தற்காப்பை உடைத்துக்கொண்டு மேற்குக் கரை வழியாக வந்தது. டிசம்பர் கடைசியில் ஈப்போ விழுந்தது. டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை கம்பாரில் இந்திய, பிரிட்டிஷ் படைகள் நின்று சண்டை போட்டன. ஜனவரி 7-இல் சிலிம் ரிவர், 11-இல் கோலாலம்பூர், பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர். எழுபது நாளில் எல்லாம் முடிந்தது.

பால்மரத் தோட்டத்துக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். ரப்பர் வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்காவும் ஐரோப்பாவும் எதிரி நாடுகள் ஆகிவிட்டன. துரைமார் ஓடிவிட்டார்கள் அல்லது சிறைக்குப் போனார்கள். வேலை இல்லை. பர்மா அரிசியும் சயாம் அரிசியும் குறைந்து, மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. கையில் இருந்தது வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டு, அதன் மதிப்பு நாளுக்கு நாள் இறங்கியது. பசித்த வயிற்றிடம்தான் "ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு, தங்க இடம், மூணு மாசத்தில் திரும்பலாம்" என்று சொன்னார்கள். முதலில் போனவர்களில் நம்பிப் போனவர்கள் உண்டு. போனவர்கள் திரும்பாதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிக் கதவை அடைத்து லாரியில் ஏற்றிய கதை பல ஊர்களில் உண்டு.

மரண ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். சயாமின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை. இரு முனையிலிருந்தும் போட்டு வந்த தண்டவாளம் 1943 அக்டோபர் 17-இல் சேர்ந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப் போல மும்மடங்குக்கும் அதிகம். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேல் போனார்கள், பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். அவர்களில் மூன்றில் ஒருவரா, இருவரில் ஒருவரா திரும்பாதவர் என்று இன்றும் கணக்குகள் வேறுபடுகின்றன. 1943 மழைக்காலத்தில் பரவிய வாந்திபேதி கூடாரம் கூடாரமாகத் தூக்கிப் போயிற்று. கைதிகளுக்குச் சொந்த ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். நம் ஆட்களுக்கு அதுவும் இல்லை.

சயாமின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பேர் பொறித்த கல்லறைகள், வெட்டிவிட்ட புல். நம் ஆளுக்குப் பேர் போட்ட கல்லறை கிடையாது. 1944-இல் ஜப்பானிய ராணுவமே அங்குள்ள ரயில் பாலத்தருகே எழுப்பிய நினைவுத்தூணில் பல மொழிகளோடு தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். வேலை வாங்கிக் கொன்றவனே வைத்த கல்லில் தமிழ் இருக்கிறது. இதைச் சொல்லும்போது கூட்டம் எப்போதும் அமைதியாகிவிடும். அந்த அமைதியை உடைத்து அடுத்த தகவலுக்கு ஓடாதீர்கள்.

மூன்றாம் படி: நாளும் ஏற்பாடும்

ஆடி அமாவாசையை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஒத்துவருகிறது. சீனப் புத்தாண்டையும் விசாகத்தையும் தவிர்க்கவும். அன்று அது அவர்கள் வீட்டு விசேஷம். சில நாள் முன்பே ஒருவர் நேரில் போய், மேலே ஏறும் படிவழி திறந்திருக்கிறதா என்று கோயில் அலுவலகத்தில் கேட்டு, இன்ன காரியத்துக்கு வருகிறோம் என்றும் சொல்லிவிட்டு வரட்டும். போன முறை அங்கிருந்த பெரியவர் நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, தன் அப்பாவையும் ஜப்பான்காரன் கொண்டுபோனான் என்று மலாயில் சொன்னார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

முந்தைய நாள் பெருமழை என்றால் மலையேற்றத்தை ஒத்திவையுங்கள். சுண்ணாம்புப் பாறை நனைந்தால் படி வழுக்கும், பாறையும் உதிரும். 1973-இல் ஈப்போ குனோங் செரோவில் பாறை சரிந்து சுமார் 40 பேர் மாண்டதை ஊர்ப் பெரியவர்கள் மறக்கவில்லை.

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பிடிமானமுள்ள சப்பாத்து, தொப்பி. சிலிப்பர் வேண்டாம். சாப்பாடு சைவமாக இருக்கட்டும். புளிச்சோறு கட்டினால் கெடாது. இருபத்தைந்து பேருக்கு மேல் போனால் உச்சியில் நிற்க இடம் நெருக்கடியாகும்.

நான்காம் படி: ஸ்டேஷனில் தொடங்குங்கள்

காலை ஏழு மணிக்கு சுங்கை சிப்புட் ரயில் நிலையத்தில் கூடுங்கள். இப்போது பாதை இரட்டைப் பாதை, மின்சார ரயில் ஓடுகிறது. ஆனால் தடம் அதே தடம்தான். தைப்பிங், புக்கிட் மெர்த்தாஜாம், அலோர் ஸ்டார், பாடாங் பெசார், ஹட்யாய், பான் போங் என்று ஊர்களை வரிசையாகப் பிள்ளைகளைச் சொல்லவையுங்கள். சரக்குப் பெட்டியில் நின்றுகொண்டு போனார்கள் என்று சொல்லுங்கள். மரண ரயில் பாதைக்குத் தண்டவாளம் போதாமல் மலாக்கா–தம்பின் பாதையைப் பெயர்த்து எடுத்துப்போனார்கள் என்பதையும் இங்கேயே சொல்லலாம். பிள்ளைகளுக்கு அது மறக்காது. பத்து நிமிடம் போதும்.

பிறகு வேன் ஏறி பழைய சாலையில் தெற்கே, செம்மோர் வழியாக இருபது கிலோமீட்டர் சொச்சம். நெடுஞ்சாலையில் போக வேண்டாம். ஜப்பானியர் சைக்கிளிலும் டாங்கியிலும் இறங்கி வந்தது இந்தப் பழைய சாலையில்தான். ரயிலில் நம் ஆட்கள் வடக்கே போன திசையும், சாலையில் படை தெற்கே வந்த திசையும் எதிரெதிர் என்பதை வேனுக்குள் ஒருமுறை சொல்லி வையுங்கள். மேலே ஏறியதும் அது கண்ணுக்குத் தெரியும்.

ஐந்தாம் படி: குகைக்குள்

பேராக் தொங் 1926-இல், சீனாவின் குவாங்டுங் மாநிலத்திலிருந்து வந்த ஒரு பௌத்தத் தம்பதியால் தொடங்கப்பட்டது. போர் வந்தபோது கோயிலுக்கு வயது பதினைந்து. உள்ளே நுழைந்ததும் சுமார் 40 அடி உயரத்தில் அமர்ந்த புத்தர். சுற்றிலும் பாறைச் சுவரில் வண்ண ஓவியங்களும் சீன எழுத்துகளும்.

கும்பிடுவதா வேண்டாமா என்று சிலர் தயங்குவார்கள். கும்பிட விரும்புபவர் கும்பிடட்டும், மற்றவர்கள் கைகட்டி நிற்கட்டும். ஊதுவத்தி ஏற்றுவதென்றால் அங்கே வைத்திருப்பதை எடுத்து, உண்டியலில் காசு போடுங்கள். நாம் கொண்டுபோன கற்பூரத்தை அங்கே ஏற்றக்கூடாது. பெரிய மணி ஒன்று இருக்கிறது. காணிக்கை போட்டவர்களுக்காக அதை அடிப்பார்கள். அந்த ஓசை குகைக்குள் சுழன்று அடங்க வெகுநேரம் ஆகும். பேச வேண்டியதை மணி அடங்கியபின் பேசுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அவசியம் சொல்லுங்கள்: இது சீனர்களின் கோயில், ஜப்பான் காலத்தில் முதல் அடி விழுந்தது அவர்கள்மேல்தான். 1942 தொடக்கத்தில் சிங்கப்பூரிலும் தீபகற்பத்திலும் சீன இளைஞர்களை வரிசையில் நிறுத்திப் பிரித்தெடுத்துக் கொன்றார்கள். நம் துக்கத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். நாமும் அவர்கள் துக்கத்தைக் கேட்டுவிட்டுத்தான் படியேற வேண்டும்.

ஆறாம் படி: ஏறும்போது

குகையின் பின்புறம் படிகள் தொடங்கும். மேலே வரை 450-க்கு மேல். செங்குத்தான இடங்கள் உண்டு. வயதானவர்கள் குகையிலேயே உட்காரட்டும். அவர்கள் வீட்டுப் பேரை அவர்கள் சொல்ல, ஒரு பிள்ளை காகிதத்தில் எழுதி மேலே கொண்டுபோகட்டும். அப்படி ஒரு பாட்டி தன் அண்ணன் பேரை ஐந்து வயதுக் கொள்ளுப்பேரன் காதில் சொல்லி அனுப்பினார். அவன் மறந்துவிடக் கூடாதென்று படி முழுதும் முணுமுணுத்துக்கொண்டே ஏறினான்.

படிவழியில் பாறையில் குவான் யின் ஓவியம் வரும். அங்கே மூச்சு வாங்க நில்லுங்கள். சமஸ்கிருதப் பேர் அவலோகிதேசுவரர். உலகத்தின் அழுகையைக் கேட்பவர் என்பது குவான் யின் என்ற பேரின் பொருள். நமக்கு அந்நியமும் அல்ல: அகத்தியர் தமிழைக் கேட்டுக்கொண்டதே அவலோகிதரிடம்தான் என்று சோழர் காலத் தமிழ்ப் பௌத்தர் ஒருவர் பாடி வைத்திருக்கிறார். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் ஓவியத்தை மறுபடி ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்கள்.

வழி நெடுக வரலாறு பேசாதீர்கள். ஏறும்போது ஆளுக்கு ஆள் வீட்டுக் கதை பேசிக்கொண்டு வருவார்கள். அதைக் கெடுக்க வேண்டாம்.

ஏழாம் படி: உச்சியில்

முதல் ஆண்டு நான் ஒரு தவறு செய்தேன். மேலே போனதும் போர் வரலாறு முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுப் பேர் படிக்கலாம் என்று வைத்திருந்தேன். வெயில் ஏறியது, ஒரு அத்தைக்குத் தலைசுற்றிக் கீழே அழைத்துப்போனார்கள். அவருடைய அப்பா பேரை நான் படித்தபோது அவர் அங்கே இல்லை. அதற்காகத்தான் அவர் வந்திருந்தார். அன்றிலிருந்து மேலே போனதும் தண்ணீர் குடித்துவிட்டு முதல் வேலை பேர்தான்.

அந்தந்த வீட்டு ஆளே படிக்கட்டும். பேர், தோட்டம், உறவு. "எங்க பெரிய தாத்தா, இன்ன தோட்டம், மூணாம் லயம்" என்றால் போதும். வீட்டு ஆள் இல்லாத பேரைப் பிள்ளைகள் படிக்கட்டும். ஒலிபெருக்கி வேண்டாம். படித்தபின் வருகிற மௌனத்தை நிமிடக் கணக்கு வைத்து அளக்காதீர்கள், தானாக முடியும்.

அதன்பிறகு கைநீட்டிக் காட்டுங்கள். போனில் திசைகாட்டி வைத்துக்கொள்ளுங்கள், தொழிற்சாலைப் புகை இருக்கும் நாளில் தூரம் தெரியாது. வடக்கே நாம் கிளம்பிய சுங்கை சிப்புட். கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர். ஜப்பானியரை எதிர்த்துக் காட்டுக்குள் போனவர்களுக்கு மறைவிடம் தந்த மலை. மேற்கே கிளேடாங் மலை. அதன் தென் அடிவாரத்தில் பாப்பான் என்ற சின்ன ஊர். சிபில் கார்த்திகேசு என்ற தாதியும் அவருடைய மருத்துவர் கணவரும் அங்கேதான் காட்டுப் போராளிகளுக்கு ரகசியமாக மருந்து கட்டினார்கள், மறைத்து வைத்த வானொலியில் போர்ச் செய்தி கேட்டார்கள். 1943-இல் கெம்பெய்தாய் (ஜப்பானிய ராணுவப் போலீஸ்) சிபிலைப் பிடித்துச் செய்த சித்திரவதையில் உடைந்த உடல் தேறவே இல்லை. 1948 ஜூனில் பிரிட்டனில் இறந்தார். பிறகு உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். தெற்கே ஈப்போ நகரம், அதற்கப்பால் பத்து காஜா. அங்குள்ள சிறையில் 1944 ஜூனில், ஜப்பானியருக்கு எதிரான ரகசியப் படையில் இருந்த லிம் போ செங் இறந்தார். இன்னும் தெற்கே கம்பார்.

நேதாஜியின் படையைப் பற்றிக் கேள்வி வரும். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபின் தோட்டத்து ஆண்களும் பெண்களும் திரண்டு சேர்ந்தார்கள். ஈப்போவில் பிறந்த ராசம்மா பூபாலன் பதின்ம வயதில் அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையில் சேர்ந்தவர். சயாமுக்குப் பிடிபடாமல் இருக்கச் சேர்ந்தவர்களும் உண்டு. தங்க நகையைக் கழற்றிக் கொடுத்த வீடும், ஜப்பான்காரனோடு கைகோத்த படை என்று கசந்த வீடும் ஒரே லயத்தில் இருந்தன. இரண்டையும் சொல்லுங்கள். யார் சரி என்று உச்சியில் நின்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம், கீழே வந்து சாப்பிடும்போது வாதாடட்டும்.

எட்டாம் படி: இறங்கியபின்

முழங்கால் நடுங்கும், இறங்குவதுதான் கடினம். பெரியவர்களுக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். கோயில் வளாகத்தைச் சுத்தமாக விட்டுவிட்டு வெளியே நிழலில் சாப்பிடுங்கள். நேரமிருந்தால் பாப்பானுக்கோ, கம்பார் போர் நடந்த கிரீன் ரிட்ஜ் முகட்டுக்கோ போகலாம். ஒரே நாளில் இரண்டும் வேண்டாம்.

அன்று இரவே நோட்டைத் திறந்து வேலையை முடிக்க வேண்டும். மலையில் எப்படியும் இரண்டு மூன்று பேர் வந்து, "இன்னொரு பேரும் இருக்கு, அப்ப சொல்ல மறந்துட்டேன்" என்பார்கள். தூங்கும் முன் அவற்றை எழுதிவிடுங்கள். பிறகு எல்லாப் பக்கத்தையும் போட்டோஸ்டாட் எடுத்து ஒரு பிரதி தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கும் ஒன்று கோயில் கமிட்டிக்கும் கொடுங்கள். எங்கள் நோட்டில் இப்போது தொண்ணூற்றொரு பக்கம் நிரம்பியிருக்கிறது. முதல் பக்கம் எங்கள் தாத்தாவுடையது. பேருக்குக் கீழே, பாட்டி அவருக்காகக் குங்குமம் வைத்திருந்தார் என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.